லூர்தம்மா போகாத வீடு

பின்னேரம் ஐந்து மணி. நடுச்சாமம் இல்லை, ஐந்து மணி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிப்ஸ் தின்றுகொண்டு வீட்டுக்குப் போகிற நேரம். ஆனால் லண்டனில் மாசி மாதம். இருட்டிவிட்டது.

குட்மேய்ஸில் ரயில் பாதையை ஒட்டி ஒரு தெரு. ஒரு பக்கம் வீடுகள். மறு பக்கம் கம்பி வேலி, அதற்கு அங்கால் தண்டவாளம். பனி கொட்டி, உருகி, திரும்ப உறைந்து கண்ணாடியாய்க் கிடந்தது. அந்தத் தெருவால் ஒருவன் மதிலைப் பிடித்துப் பிடித்துப் போகிறான்... வேறு ஒரு சீவன் இல்லை. சப்பாத்துக்கு அடியில் ஐஸ் நெரிகிற சத்தம். அவ்வளவுதான்.

ஆள் சிவதர்ஷன். எங்கள் துஷாந்தனின் அக்கா புருஷன். சுவிசில் கோப்பை கழுவிக்கொண்டு கம்ப்யூட்டர் படித்து, பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தவன். இது நடந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. துஷாந்தன் எனக்குச் சொன்னதைத்தான் சொல்கிறேன், கூட்டவில்லை. ஹீட்டருக்குக் கிட்ட வாருங்கள். கடைக்கு மரக்கறி லொறி வர இன்னும் நேரம் இருக்கிறது.

"என்னண்ணை, கம்ப்யூட்டருக்குப் பேய் பிடிச்ச கதையோ?" என்கிறான் சந்திரகுமார். தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் குந்தியிருக்கிறான். வாய் நிறையப் பணிஸ்.

கம்ப்யூட்டருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கேள்.

சிவதர்ஷன் வேலை செய்தது இல்பேர்டில், ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைக் கந்தோர். தனியே இருக்கிற வயது போனவர்களின் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பராமரிக்கிற கம்பனி. நடத்தினவர் ஸ்ரீஸ்கந்தராஜா. தானும் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தவர்தான். நகரசபைக் கவுன்சில்தான் வேலை கொடுக்கும். காலையில் ஒருக்கால், மத்தியானம் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் போய்க் குளிக்க வார்க்க வேண்டும், சாப்பாடு சூடாக்கிக் கொடுக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும்.

போனதற்கு என்ன சாட்சி? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். போகிற பிள்ளை அந்த வீட்டு ரெலிபோனிலிருந்தே ஒரு இலவச நம்பருக்கு எடுக்க வேண்டும். மிசின் ஒன்று மறுமொழி சொல்லும். பிள்ளை தன்னுடைய வேலை நம்பரை அமத்த வேண்டும். அந்த மிசின் வேறொரு கம்பனியுடையது, வடக்கே எங்கேயோ. சிவதர்ஷன் எழுதின புரோகிராம் அந்தக் கம்பனியைச் சும்மா சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்: யார் எடுத்தது, எந்த வீட்டிலிருந்து எடுத்தது? பதில் வந்தால் கந்தோர்த் திரையில் அந்த வீட்டுக் கட்டம் பச்சை. வராவிட்டால் சிவப்பு. சிவப்பு என்றால் யாரோ ஒரு கிழவனோ கிழவியோ பசியோடு கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கரைச்சல் என்னவென்றால், அந்தக் கம்பனி அனுப்புகிற பதிலில் ஒரு ஒழுங்கு கிடையாது.

நாங்கள் இங்கே தக்காளி எடுக்கிறோம். ஒழுங்கானவன் பெட்டியில் அனுப்புவான். நிறைய இருந்தாலும் பெட்டி, ஒன்றே ஒன்று என்றாலும் பெட்டி, ஒன்றுமில்லை என்றால் வெறும் பெட்டி. அவர்கள் அப்படி இல்லை. கனக்க அழைப்பு வந்தால் பெட்டியில் வரும். ஒன்று மட்டும் வந்தால் பெட்டி இல்லாமல் கையில் தூக்கித் தருவார்கள். ஒன்றும் வராத நேரம், சில நாள் வெறும் பெட்டி, சில நாள் "இல்லை" என்று எழுதின துண்டு. இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கும். வந்த பிள்ளையின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சைபர் இருக்கும்... இல்லாவிட்டால் ஒன்றுமே இராது. வெறுமை.

அப்படி ஒன்று வந்தால் சிவதர்ஷனின் புரோகிராம் விக்கி நின்றுவிடும். திரை முழுக்க உறைந்துவிடும். அவன் அந்தக் கம்பனிக்கு எழுதிப் பார்த்தான். திருத்துகிறோம் என்றார்கள், திருத்தவில்லை. இங்கே ஸ்ரீஸ்கந்தராஜா தலைக்கு மேலே நின்றார். திரை நிற்கக் கூடாது, எப்படியாவது செய் என்றார்.

அவன் செய்தது இதுதான். வந்த பிள்ளையின் நம்பர் விளங்காவிட்டால், அந்த நேரம் அந்த வீட்டுக்கு யாருக்கு ஷிப்ட் போட்டிருக்கிறதோ அவளுடைய நம்பரை புரோகிராமே எடுத்து நிரப்பிக்கொள்ளும். கட்டம் பச்சையாகும். வெறுமையாய் வந்ததை வந்தபடி அவன் எங்கும் எடுத்து வைக்கவும் இல்லை. நிரப்பினதை மட்டும் வைத்தான். அந்த வீட்டுப் போனிலிருந்து அந்த நம்பருக்கு வேறு யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தான். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

நான் சொன்ன அந்தக் குட்மேய்ஸ் தெருவில் ஒரு வீட்டில் இருந்தவ அருமைநாயகி என்று ஒரு மனுசி. புருஷன் இல்லை, மகன் கனடாவில். இடுப்பு எலும்பு முறிந்து, ஊன்றுகோலோடு நடக்கிறவ. அவவுக்குப் போய்வந்தவள் லூர்தம்மா. மன்னார்ப் பக்கம். விடியப்புறம் கட்டிடங்களில் கிளீனிங், பிறகு இந்த வேலை. அகதி வழக்கு முடியவில்லை. பொலிசில் ஒரு பதிவு விழுந்தால் வழக்கு அவ்வளவுதான், கொழும்புக்குப் பிளேன் ஏற்றுவார்கள். வன்னியில் கடைசிச் சண்டை நடந்த இந்த வருசம் மாசியில் ஒரு மன்னார்க்காரியைப் பிளேன் ஏற்றினால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

லூர்தம்மாவுக்கு அடிக்கடி பஸ் பிந்தும். பிந்தினால் கட்டம் சிவக்கும், ஷிப்ட் குறையும். மனுசி அதைக் கண்டுபிடித்துவிட்டா. ஒரு நாள் இவள் மூச்சிரைக்க ஓடி வர, அருமைநாயகி கதிரையில் இருந்தபடி சொன்னாவாம், நான் எடுத்துவிட்டேன், நீ ஏன் இப்படி ஓடி வாறாய் என்று. பிள்ளை போன் எடுக்கிற போதெல்லாம் பார்த்திருக்கிறா, எந்த நம்பருக்கு எடுப்பது என்று பாடமாகிவிட்டது. மிசின் மறுமொழி சொன்னதும் வைத்துவிடுவா. அதற்குப் பிறகு ஏதோ அமத்த வேண்டும் என்று அவவுக்குத் தெரியாது. மிஸ்ட் கோல் கொடுக்கிற மாதிரி.

லூர்தம்மா வேண்டாமென்று சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்?

பிறகு பனி கொட்டினது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், லண்டனில் ஒரு பஸ் ஓடவில்லை. லூர்தம்மா நடந்து போவோம் என்று வெளிக்கிட்டாள். தெருமுனையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து கந்தோருக்கு எடுத்து, பதில் மிசினில் சொல்லிவைத்தாள். வேறு ஆளை அனுப்புங்கோ, அம்மா தனிய, வீடு சூடாக்கிற காஸ் மீற்றர்க் காட்டும் முடியப் போகுது, கடையில் கொடுத்துக் காசு ஏற்றவேணும் என்று.

அந்த மிசினை ஒருவரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்? அன்றைக்குத் திரை முழுக்கச் சிவப்பு. எல்லாரும் சிவப்புக்குப் பின்னால் ஓடினார்கள். குட்மேய்ஸ் வீடு மட்டும் பச்சை. காலையில் பச்சை. மத்தியானம் பச்சை. பின்னேரம் பச்சை. லூர்தம்மா கெட்டிக்காரி, ஸ்னோவுக்குள்ளேயும் போயிருக்கிறாள் என்று ஸ்ரீஸ்கந்தராஜா மெச்சினார்.

அடுத்த நாளும் பச்சை. அதற்கடுத்த நாளும்...

வார முடிவில் ஒரு பின்னேரம் லூர்தம்மா கந்தோர்ப் படியேறி வந்தாள். கையில் மாக்கட்டு. டொக்டர் கொடுத்த சிக் பேப்பர் கொண்டுவந்திருந்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா கையைப் பார்த்தார், மாக்கட்டைப் பார்த்தார்.

"இந்தக் கையோடையோ பிள்ளை இவ்வளவு நாளும் போனனீ?"

"எங்கை போனனான்?"

"அருமைநாயகி அம்மாவிட்டை."

"நான் ஸ்னோவிலை விழுந்த நாளிலை இருந்து வீட்டை விட்டே வெளிக்கிடேல்லை, அண்ணை. மெசேஜ் விட்டனான். கேக்கேல்லையோ?"

ஹீட்டர் குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். சிவதர்ஷன் திரையைப் பார்த்தான். அந்த நேரம்தான் குட்மேய்ஸ் கட்டம் பச்சையானது. உள்ளே எழுத்து: லூர்தம்மா, வந்துவிட்டார்.

அவள் இங்கே கதிரையில் இருக்கிறாள்.

அதுதான் நான் முதலில் சொன்ன பின்னேரம். அம்மாதான் தனக்காக எடுக்கிறவ என்று லூர்தம்மா உண்மையைச் சொல்ல, சிவதர்ஷன் மேல்கோட்டைக்கூடப் பூட்டாமல் ஓடினான். மனுசி தானே எடுக்கிறா, அப்படியென்றால் உயிரோடு இருக்கிறா, என்று ரயிலில் வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான்.

தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் பனி மிதிபட்டுச் சேறாய்க் கிடந்தது. அவ வீட்டு வாசலில் மட்டும் ஒரு காலடி இல்லை. வெள்ளைச் சீலை விரித்த மாதிரி. அவன் மிதித்ததுதான் முதல் மிதி. சுவரில் வீட்டுச் சாவி வைக்கிற சின்னத் திறப்புப் பெட்டி. இலக்கத்தைப் போட்டுத் திறப்பை எடுத்துக் கதவைத் தள்ளினான்.

முதலில் மணம் வந்தது. கோடாலித் தைலம். அதற்குக் கீழே வேறொரு மணம்... அதைச் சொல்லவில்லை.

வீட்டுக்குள்ளே வெளியைவிடக் குளிர். மூச்சு புகையாய்ப் போனது. மீற்றர் செத்துக் கிடந்தது. அம்மா, அம்மா என்று கூப்பிட்டான். குசினியில் தண்ணீர்ப் பைப் சொட்டுகிற சத்தம்... சொட்டு. சொட்டு. லைட்டைப் போட்டான்.

குசினி நிலத்தில் கிடந்தா. ஊன்றுகோல் ஒரு பக்கம், கேத்தில் ஒரு பக்கம். தோளில் இரண்டு சுவெட்டரும் ஒரு துவாயும். கன்னம் தரையோடு ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்க்கத் தேவையில்லை.

ரெலிபோன் வாசல் நடையில் இருந்தது. குசினிக்கும் அதற்கும் நடுவில் ஒரு கதவு, அது சாத்தியிருந்தது, அவன்தான் திறந்து வந்தவன். ஆம்புலன்சைக் கூப்பிடலாம் என்று நடைக்கு வந்து ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தான்.

சூடு.

அந்த ஐஸ் வீட்டுக்குள்ளே ரிசீவர் மட்டும் சூடாய் இருந்தது. யாரோ நேரம் எடுத்துக் கதைத்துவிட்டு இப்போதுதான் வைத்த மாதிரி. கோடாலித் தைலம் மணத்தது அதில்தான்.

சந்திரகுமார், அந்தப் பணிஸைத் தின்று முடி. கையிலேயே வைத்திருக்கிறாய்.

டொக்டர் சொன்னார், மனுசி பனி கொட்டின முதல் நாள் இரவே போய்விட்டா என்று. குளிர். விழுந்தபின் எழும்ப ஏலாமல் போய்விட்டது. அப்படியென்றால் அந்த முதல் நாள் எடுத்தது அவ. லூர்தம்மா பாவம், பஸ் இல்லை, நான் எடுத்துவிடுவோம் என்று மூன்று நேரமும் எடுத்திருக்கிறா. அந்த ஒரு சிவப்புக் கட்டம்தான் அவவைக் காப்பாற்றியிருக்கும். அதைத் தன் கையாலேயே பச்சையாக்கிவிட்டா. மிச்சத்தைப் புரோகிராம் செய்தது.

பிறகு வந்த நாட்களில் எடுத்தது யார்?

கவுன்சிலுக்கும் பொலிசுக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை. லூர்தம்மா. திரையில் பெயர் இருக்கிறதே. ஒன்று, அவளே வந்து பிணத்தைக் கண்டும் காணாத மாதிரிப் போனை எடுத்து நம்பரை அமத்திவிட்டுப் போயிருக்கிறாள். இல்லை, திறப்புப் பெட்டி இலக்கத்தையும் தன் நம்பரையும் வேறொரு ஆளுக்குக் கொடுத்து எடுப்பித்திருக்கிறாள். கந்தோரில் அவள் இருந்த நேரமும் அழைப்பு வந்ததே என்று சிவதர்ஷன் சொன்னான். அதுதான் சொல்கிறோம், ஆள் வைத்திருக்கிறாள் என்றார்கள். வாசலில் காலடி இல்லை என்றான். நடுவில் திரும்பவும் பனி கொட்டினது என்றார்கள். ஸ்ரீஸ்கந்தராஜாவைக் கேட்டார்கள். தான் அந்த நேரம் திரையைப் பார்க்கவில்லை என்றார். கவுன்சில் வேலையை நிற்பாட்டினால் அவருடைய கதவு மூடும். நிலம் துடைத்தவனுக்கும் தன் கதவு பெரிதுதான்.

சிவதர்ஷன் வாய் திறந்தான். அதற்காக அவனைக் குறை சொல்ல ஏலாது. அந்தப் பெயரை லூர்தம்மா போடவில்லை, என் புரோகிராம் போட்டது, அந்த இடம் வெறுமையாய் வந்தது என்றான். அப்படியென்றால் வெறுமையாய் வந்ததைக் காட்டு என்றார்கள். அவனிடம் இல்லை. நிரப்பினது மட்டும்தான் இருந்தது.

ஆனால் மற்றக் கம்பனியிடம் இருக்கும்தானே. எடுத்துக் கேட்டான். ஒரு வெள்ளைக்காரப் பொடியன் போனில் ஒவ்வொன்றாய்ப் பார்த்துச் சொன்னான். வெறுமை. வெறுமை. இதுவும் வெறுமை. உங்களுடைய பிள்ளை ஒரு நாளும் நம்பரை அமத்தவில்லை, எடுத்தவர் மிசின் பேசினவுடன் வைத்துவிட்டார் என்றான். எழுத்தில் அனுப்புகிறேன் என்றான்.

சிவதர்ஷன் லூர்தம்மாவுக்குப் போன் எடுத்து, பயப்படாதேங்கோ, நீங்கள் தப்பியாச்சு என்றான். அவள் அழுதாளாம். அம்மாவை நினைத்தோ, தன்னை நினைத்தோ, தெரியாது.

விசாரணைக்கு முன் கடிதம் வந்தது. கவுன்சிலுக்கு ஒன்று, இவனுக்கு ஒன்று. இவன் பிரித்தான்.

ஒரு வெறுமையும் இல்லை.

ஒவ்வொரு அழைப்பிலும் லூர்தம்மாவின் நம்பர். எழுத்தாய் இல்லை, சைபராய் இல்லை, இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் சுத்தமான இலக்கம். பெட்டியில் வர வேண்டியது பெட்டியில். ஒரு பிழை இல்லை. அந்தக் கம்பனி தொடங்கின நாளிலிருந்து அப்படி ஒழுங்காய் ஒரு பதில் அனுப்பினதில்லை. மனுசி செத்தபின் வந்த அழைப்புகளிலும் அதே நம்பர்.

பொடியனுக்கு எடுத்தான். பொடியன் திரும்பப் பார்த்தான். பிறகு, இப்போது பார்க்கிறேன், இருக்கிறது, முதலும் இருந்திருக்கும், நான்தான் பிழையாய்ப் பார்த்திருப்பேன் என்றான். அவன் குரல் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் பேச மறுத்துவிட்டான்.

விசாரணை எப்படி முடியும்? முடிந்தது. லூர்தம்மாவுக்கு வேலை போனது. பொலிஸ் எழுதிக்கொண்டு போனது. அகதி வழக்குப் பார்த்த லோயர் இனித் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்று கையை விரித்தார்.

சிவதர்ஷன் அவளைப் பார்க்கப் போனான். ஒரு வீட்டின் பின் அறை, ஒற்றைக் கட்டில், சுவரில் மாதா படம். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மாக்கட்டு வெட்டியாச்சு. அவன் வாசலில் நின்றபடி, தன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டான். வெறுமையாய் இருந்ததை என் காதால் கேட்டேன், எப்படி நிரம்பினது என்று எனக்கு விளங்கவில்லை, உங்கள் நம்பர் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டான்.

அவள் உடுப்பை மடிக்கிறதை நிற்பாட்டவில்லை.

"நான்தான் குடுத்தனான்."

"ஆருக்கு?"

"அம்மாவுக்கு."

அவன் கதவு நிலையில் சாய்ந்தான்.

"விசாரணைக்கு முதல் கிழமை வந்தவா. கதவைத் தட்டினா, திறந்தன். இதிலைதான், நீங்கள் நிக்கிற இடத்திலை நிண்டவா. ரெண்டு சுவெட்டர், மேலாலை ஒரு துவாய். பிள்ளை, உன்னைப் பேசுறாங்களாம், உன்ரை நம்பரைச் சொல்லு, நான் எல்லாத்தையும் வடிவாய்ப் போட்டு விடுறன் எண்டா."

"லூர்தம்மா, அவ செத்து..."

"தெரியும் தம்பி. நான் செத்த வீட்டுக்குப் போனனான்தானே. அந்தக் குளிருக்குள்ளை நடந்து வந்து எனக்காகக் கேக்கிற மனிசியிட்டை இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? சொன்னன்."

ஒரு சட்டையை எடுத்து உதறினாள். மடித்தாள். பெட்டிக்குள் வைத்தாள்.

"உங்களையும் கேட்டவா. அந்தப் பொடியனும் வந்தவன்தானே, வாசல் வரைக்கும் காலடி கிடந்தது, அவன்ரை பேரைப் போடாமல் விட்டிட்டன் எண்டு கவலைப்பட்டா. உங்கடை வீடு எங்கை எண்டு கேட்டா."

சிவதர்ஷன் அவளைப் பார்த்தான்.

"சொல்லிவிட்டிருக்கிறன், தம்பி."